கதவுக்குள் போன திருகாணி

பெண்கள் காதில் அணியும் தோட்டுக்குப் பின்னால் மறைந்திருந்து அதைத் தாங்கி நிற்கும் திருகாணியை, அது தொலைந்துபோகும் நாள் வரையில் யாரும் நினைப்பதில்லை. அரைக் கிராம் எடைதான் இருக்கும். தோட்டின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம் என்பதும் வாஸ்தவமே. ஆயினும் பழைய காலத்துப் பொற்கொல்லர் தம் கையாலேயே மரை வெட்டிச் செய்த திருகாணி, எந்தத் தண்டுக்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தண்டுக்கே சேருமேயன்றி, அதே ஜோடியின் மற்றொரு தோட்டுக்குக்கூடப் பெரும்பாலும் சேராது. என் மனைவிக்கு அவளுடைய பாட்டி கொடுத்த கெம்புத் தோடு அத்தகையது. அதன் திருகாணி ஒன்று எங்கள் மோட்டார் வண்டியின் கதவுக்குள் போய்விட்ட அன்று, ஒரு சிறு பொருள் விழுவதும் நகர்வதும் மறைவதும் எவ்வளவு நுட்பமான நியதிகளுக்கு உட்பட்டவை என்பதை நான் முதன்முதலாகக் கூர்ந்து யோசிக்க நேர்ந்தது.

சென்ற தை மாதத்தில் ஒரு திருமணத்தின் பொருட்டுச் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பிரயாணமானோம். சுங்கச்சாவடியில் வண்டிகள் நீண்ட வரிசையாக நின்றுவிட்டபடியால், இடப்பக்கத்து முன் இருக்கையில் இருந்த என் மனைவி காற்றுக்காகக் கண்ணாடியை முழுதும் இறக்கிவிட்டு, தளர்ந்திருந்த திருகாணியை இறுக்கிக்கொள்ளக் காதில் கை வைத்தாள். அது விரல்களினின்றும் நழுவி, கதவின் மேல்விளிம்பில் பட்டு, கண்ணாடி ஏறி இறங்கும் சந்தில் விழுந்தது. "என்னங்க, திருகாணி கதவுக்குள்ள போயிடுச்சு" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்ற லாரி ஒலி எழுப்பவே, நான் அவசரத்தில் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு வண்டியை நகர்த்தினேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்ற பதைப்பில் இன்னும் முப்பது கிலோமீட்டர் ஓட்டவும் செய்தேன். கண்ணாடியை ஏற்றியது ஒரு பிழை. வண்டியை ஓட்டியது அதனினும் பெரிய பிழை. அவை ஏன் பிழைகளாயின என்பதை அறிய வேண்டுமானால், கதவு என்பது எத்தகைய வஸ்து என்பதை முதலில் அறிய வேண்டும்.

மோட்டார் வண்டியின் கதவைப் பலர் ஒரு பலகையாகவே எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பேழை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, இரண்டுக்கும் இடையே வெற்றிடம். இரண்டும் விளிம்புகளில் மடித்து இணைக்கப்பட்டிருக்கின்றன. தனித்து நிற்கும்போது கையால் வளைக்கத்தக்க அத்தகடுகள், இடைவெளிவிட்டு இணைந்தவுடன் ஒரு மனிதன் சாய்ந்தாலும் வளையாத உறுதியைப் பெறுகின்றன. உள்ளே கூடாக இருக்கும் மூங்கில், அதே அளவு மரப்பொருளாலான மெல்லிய கழியைக் காட்டிலும் உறுதியாக நிற்பதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். அந்தப் பேழைக்குள்ளேதான் கண்ணாடி இறங்கி ஒடுங்குகிறது; அதை ஏற்றி இறக்குவதும் மெக்கானிக்குகள் 'கிளாஸ் மெஷின்' என்று வழங்குவதுமான பொறி, பூட்டின் கம்பிகள், ஒலிபெருக்கி, மின்கம்பிகள், பக்கவாட்டு மோதலைத் தாங்கும் எஃகுத் தண்டு ஆகிய யாவும் அதற்குள்ளேதான் வாசம் செய்கின்றன. உள்தகட்டில் இவற்றைப் பழுதுபார்ப்பதற்கென்று பெரிய திறப்புகள் உண்டு. அத்திறப்புகளை ஒரு பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். அதற்கும் மேலே, நம் கண்ணுக்குத் தெரியும் அலங்காரமான 'டோர் பேட்' பொருத்தப்பட்டிருக்கும்.

இதில் யாவரும் அறிய வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. மழைநீர் கதவுக்குள் நுழைவதே இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வண்டியை அமைத்தவர்களோ நீர் நுழைந்தே தீரும் என்று எண்ணித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். கண்ணாடியின் இருபுறமும் தழுவி நிற்கும் 'பீடிங்' என்ற ரப்பர் உதடுகள் நீரைப் பெரும்பாலும் வழித்துவிடுகின்றனவேயன்றி முற்றும் தடுப்பதில்லை. உள்ளே புகுந்த நீர் கண்ணாடியின் வழியே வழிந்து கதவின் அடித்தளத்தை அடைந்து, அங்கே முன்னும் நடுவிலும் பின்னுமாக விடப்பட்டிருக்கும் சிறு துளைகளின் வழியே தரைக்குப் போய்விடுகிறது. பழைய வீடுகளின் முற்றத்தில் மழைக்கென்று தூம்பு வைத்தார்களே, அதே யுக்திதான். நான் மேலே கூறிய பிளாஸ்டிக் தாள், அந்த நீர் இருக்கைகளின் பக்கம் வராமல் காப்பதற்காக உள்ளது. ஆகவே கண்ணாடிச் சந்தில் விழும் எந்தப் பொருளும் மழைத்துளிக்கென்று வகுக்கப்பட்ட மார்க்கத்திலேயே போகிறது. எங்கள் திருகாணிக்கும் வேறு வழி இருக்கவில்லை.

திருமணம் முடிந்த பிறகு, உறவினர் ஒருவர் காட்டிய வழியில் ஒரு பணிமனைக்குச் சென்றோம். அங்கிருந்த மெக்கானிக் அறுபது வயதைக் கடந்த பெரியவர். நான் கதவைச் சுட்டிக்காட்டி நடந்ததை விவரிக்கத் தொடங்கினேன், அவரோ என்னைக் கேளாமல் என் மனைவியைப் பார்த்து, "ஒரு சத்தம் கேட்டுச்சாம்மா, ரெண்டு சத்தமா?" என்று வினவினார். இரண்டு சத்தம் கேட்டதாக அவள் சொன்னாள். "தட்டிக் காட்டுங்க" என்றார். அவள் விரல் நுனியால் வண்டியின் மீது 'டிக்' என்று ஒருமுறையும், மிகச் சிறிது பொறுத்து 'டக்' என்று மற்றொரு முறையும் தட்டிக் காட்டினாள். அவர் தலையை அசைத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியை நான் அன்றிலிருந்து பலமுறை எண்ணி வியந்திருக்கிறேன். திருகாணி ரப்பர் உதட்டிலேயே சிக்கியிருந்தால் இரண்டாவது ஓசைக்கு இடமில்லை. விழும் பொருள் முதல் விநாடியின் மூன்றில் ஒரு பங்கில் ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் தூரம் இறங்குகிறது என்பது கலிலியோ காலத்திலிருந்து நாம் அறிந்த கணக்கு; கண்ணாடிச் சந்திலிருந்து கதவின் அடித்தளம் வரையுள்ள ஆழமும் ஏறத்தாழ அவ்வளவே. என் மனைவியின் விரல்கள் தட்டிக்காட்டிய இடைவெளி, திருகாணி வழியில் எதிலும் தங்காமல் நேரே அடிவரையில் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சாட்சியாக நின்றது. பெரியவர் இந்தக் கணக்கைப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை. பல கதவுகளில் பல பொருள்கள் விழுந்த ஓசைகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு, கணக்கின் விடை கணக்கின்றியே கிடைத்திருக்கலாம்.

ஆயினும் அது விழுந்த இடத்திலேயே இருக்குமா என்பது வேறு விஷயம். சாய்ந்த தளத்தில் வைத்த பொருள் நழுவாமல் நிற்பதற்கு உராய்வே காரணம். பூச்சிட்ட தகட்டுக்கும் உலோகத்துண்டுக்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், தளம் சுமார் 17 பாகை சாயும் வரையில் அந்தத் துண்டு அசையாது; கதவின் அடித்தளத்தில் அவ்வளவு சாய்வு ஏது? எனவே நின்ற வண்டியில் திருகாணி விழுந்த இடத்திலேயே பத்திரமாக இருந்திருக்கும். ஓடும் வண்டியின் கதையோ முற்றிலும் வேறு. உராய்வின் வலிமை, பொருள் தளத்தை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவைப் பொறுத்தது. தளம் அதிரும்போது அந்த அழுத்தம் கணந்தோறும் கூடியும் குறைந்தும் மாறுகிறது. விநாடிக்கு 20 முறை அதிரும் தகடு, நிலைத்தானத்திலிருந்து மேலும் கீழும் 0.6 மில்லிமீட்டர் மட்டுமே அசைந்தாலும் போதும். அது கீழே விலகும் வேகமாற்றம் புவியீர்ப்பின் வேகமாற்றத்துக்குச் சமமாகிவிடுகிறது. அந்தக் கணத்தில் மேலிருக்கும் பொருள் தகட்டை அழுத்துவதே இல்லை, அழுத்தம் இல்லாத இடத்தில் உராய்வும் இல்லை. அப்போது ஒரு பாகைச் சாய்வுகூட அதற்குப் பள்ளமாகிவிடும்.

நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசியைத் தெள்ளும்போது இந்த நியதியைத்தான் கையாளுகிறார்கள். முறத்தை அசையாமல் சற்றே சாய்த்துப் பிடித்தால் அரிசி நகராது. அதே சாய்வில் கை சிறிது அதிர்ந்தால் மணிகள் யாவும் ஓடத் தொடங்கிவிடும். நான் ஓட்டிய முப்பது கிலோமீட்டரில் திருகாணி, முறத்திலிட்ட மணியைப்போல் எத்தனை ஆயிரம் முறை தூக்கிப் போடப்பட்டிருக்கும்!

அது எந்தத் திசையில் போயிருக்கும் என்பதற்கும் பெரியவரிடம் விடை இருந்தது. "பிரேக் போட்டா எல்லாம் முன்னாடிதான் ஓடும் ஐயா, ஆக்சிலேட்டர் குடுத்தா அந்த அளவுக்குப் பின்னாடி ஓடாது" என்றார். இது முற்றிலும் சரியான பேச்சு. சாதாரண வண்டி வேகத்தைக் கூட்டும் விகிதத்தைவிட வேகத்தைக் குறைக்கும் விகிதம் மிகுதி. ஆகவே ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் தளர்ந்த பொருள்கள் முன்னோக்கிப் பெறும் தள்ளு, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பின்னோக்கிப் பெறும் தள்ளைக் காட்டிலும் வலியது. இருக்கையின் அடியில் வைத்த தண்ணீர்ப் புட்டி முன்னே உருண்டு வருவதும் இதனால்தான். (அப்புட்டி ஓட்டுநரின் பிரேக் மிதிக்குக் கீழே போய் நின்றுவிட்டால் மிதி அமுங்காது, ஓட்டுநர் பக்கத்தில் எந்தப் பொருள் விழுந்தாலும், அது எவ்வளவு அற்பமானதாயினும், வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகே குனிய வேண்டும் என்று நான் மிக வற்புறுத்திச் சொல்வேன்.)

காந்தம் கொண்டு எடுக்கலாகாதா என்று நான் கேட்டேன். பெரியவரிடம் பேனாவைப்போல் நீளும் காந்தக்கோல் ஒன்று இருந்தது. அதன் முனையிலிருந்த காந்தம் நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் சேர்ந்த சேர்மத்தாலானது. 1983-ஆம் ஆண்டில் ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்க மோட்டார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுக்கூடத்தில் ஜான் குரோட்டும், தனித்தனியே வெவ்வேறு முறைகளில் இவ்வகைக் காந்தத்தைச் செய்து காட்டினார்கள். மோட்டார்களைச் சிறிதாக்கும் பொருட்டுத் தேடப்பட்ட அந்த அற்புதப் பதார்த்தத்தின் சிறு துண்டு, இன்று ஒவ்வொரு பணிமனையிலும் தொலைந்த திருகுகளைத் தேடித் திரிகிறது. ஆனால் ஆகர்ஷிக்கப்படும் தன்மை இரும்பு, நிக்கல், கோபால்ட் முதலிய சில உலோகங்களுக்கே உண்டு. பொன்னின் அணுக்களில் எலெக்ட்ரான்களின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து அடங்கிவிடுவதால், காந்தம் அதைக் கவர்வதில்லை. நுட்பமான கருவிகளுக்கு மட்டும் தெரியும் அளவில் அதை விலக்குகிறது என்பதே உண்மை. விழுந்தது ஒரு ரூபாய் நாணயமாக இருந்திருந்தால் காரியம் எளிது. இன்றைய நாணயம் காந்தம் கவ்வும் வகைத் துருவேறா எஃகினால் ஆனது. எவர்சில்வர் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றையோ காந்தம் பொருட்படுத்துவதில்லை. காந்தம் பயன்படும் இடத்திலும் ஒரு தொல்லை உண்டு: கதவே எஃகாதலால், காந்தக்கோல் வழியெங்கும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் பெரியவர் கோலின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழலை மாட்டி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்.

பணிமனையில் ஒரு வேக்குவம் கிளீனரும் இருந்தது. அதன் வாயில் மெல்லிய துணியைக் கட்டி உறிஞ்சினால் சிறு பொருள்கள் துணியில் வந்து ஒட்டும் என்பது பலரும் அறிந்த உபாயம். ஆனால் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். எரியும் அகல்விளக்கை ஒரு முழத் தூரத்திலிருந்து ஊதி அணைத்துவிடலாம்; அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளே இழுத்து அணைத்தவர் உலகில் இல்லை. ஊதும் காற்று ஒரே திசையில் தாரையாகப் பாய்கிறது. உறிஞ்சும் வாயை நோக்கியோ காற்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்வதால், வாயினின்று தூரம் இரட்டித்தால் காற்றின் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. காகிதத் துண்டையும் பூவிதழையும் அத்தகைய மந்தமான காற்றே தூக்கிவிடும். 22 காரட் பொன்னோ நீரைவிட 17 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. உறிஞ்சுகுழாயின் வாய் அதன் மேலேயே போய்ப் படிந்தாலொழிய அது அசையாது. குருடனைப்போல் குழாயை நுழைத்துத் துழாவினால், திருகாணியை வடிதுளைக்குள் நாமே தள்ளிவிடும் அபாயமும் உண்டு. கண்ணால் காண்பதற்கு முன் கையை நுழைப்பதில்லை என்பது பெரியவரின் கொள்கை.

காண்பதற்கென்று அவர் கைப்பேசியோடு இணைக்கும் ஒரு கேமராக் கம்பியை எடுத்தார். வளைந்த வழியினூடே பார்வையைச் செலுத்தும் கலைக்கு நம் நாட்டவர் ஒருவர் செய்த தொண்டு பெரிது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹரால்டு ஹாப்கின்ஸும் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், மெல்லிய கண்ணாடி இழைகள் பல்லாயிரத்தை ஒழுங்காகக் கட்டி, ஒரு முனையில் விழும் பிம்பம் இழைகள் வளைந்தபோதும் மறுமுனையில் தோன்றும்படி செய்து, 1954-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். இழைக்குள் புகுந்த ஒளி அதன் சுவரில் மீண்டும் மீண்டும் முழுமையாகப் பிரதிபலித்து, வெளியே கசியாமல் கடைசிவரை போகிறது. மருத்துவர்கள் இரைப்பையின் உட்புறத்தைக் காண்பதற்கு இந்த வித்தையே வழி செய்தது. பணிமனையில் நான் கண்ட கருவியில் இழைக்கட்டு இல்லை. பயறளவான கேமரா ஒன்றே கம்பியின் நுனியில் அமர்ந்து, தன்னைச் சுற்றியுள்ள சிறு விளக்குகளின் ஒளியில் படம் பிடித்து அனுப்பியது. இருப்பினும், வளைந்த இருட்டுக்குள் கண்ணை அனுப்பும் அந்த எண்ணம் பழையதுதான்.

கம்பியைக் கண்ணாடிச் சந்தின் வழியே இறக்கி, முதலில் முன்பக்கத்து வடிதுளையைப் பார்த்தோம். திரையில் தெரிந்தது மண். ஐப்பசி கார்த்திகை மழையில் வழிந்து வந்த புழுதியும் சருகும் சேர்ந்து துளையை அடைத்துக் காய்ந்து கிடந்தன. நடுத்துளையிலும் பின்துளையிலும் மண் இல்லை, பொன்னும் இல்லை. கண்ணாடியின் அடிவிளிம்பைத் தாங்கும் பள்ளத்தில் கிரீஸ் படிந்திருந்தது. நான் கண்ணாடியை ஏற்றியபோது அப்பள்ளத்தில் திருகாணி இருந்திருந்தால் அதையும் மேலே தூக்கிக்கொண்டு வந்து ரப்பரில் நசுக்கியிருக்கும். நல்லவேளையாக அங்கும் இல்லை. இப்படி எல்லா இடத்திலும் இல்லை என்று ஆனவுடன் என் மனம் சோர்ந்தது. எப்போதோ துளை வழியாகச் சாலையில் விழுந்து போயிற்று என்று நான் தீர்மானித்துவிட்டேன். பெரியவரோ, "முன்னாடி மண்ணுக்குள்ள பாக்கலையே நாம" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிய தர்க்கம் சாமானியமானதன்று. சிவஞான சித்தியார் கூறும் அளவைகளில் 'ஒழிபு' என்று ஒன்றுண்டு. வடநூலார் அதைப் பாரிசேஷம் என்பார்கள். ஏனையவற்றை விலக்கி எஞ்சியதைக் கொண்டு நிச்சயிப்பது அது. ஆனால் ஒழிபு பிழையாகாமல் இருக்க வேண்டுமானால், விலக்கிய ஒவ்வொன்றும் மெய்யாகவே விலக்கத்தக்கதா என்பதைப் பரிசீலிக்க வேண்டும். ஓரிடத்தில் தேடிக் காணாவிட்டால், அங்கே அது இருப்பதற்கான சம்பாவிதம் குறைகிறது. ஆனால் எவ்வளவு குறைகிறது என்பது நம் தேடல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைப் பொறுத்தது. தெளிந்த தகட்டில் கேமரா பார்த்து இல்லையென்றால் அங்கே பெரும்பாலும் இல்லைதான். மண் மூடிய இடத்தில் கேமரா இல்லை என்று சொல்வதற்கு ஏறக்குறைய மதிப்பே கிடையாது. இந்த விசாரத்தைக் கணிதமாக்கியவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். அவருடைய கட்டுரை அவர் காலமான பின்பு, 1763-ல் வெளிவந்தது.

அந்தக் கணிதம் எத்தகைய காரியங்களுக்கு உதவியிருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் வீழ்ந்து, அதிலிருந்த 228 பேரும் மாண்டார்கள். அப்பெருந்துயரத்தையும் எங்கள் அற்பமான இழப்பையும் நான் ஒருதட்டில் வைக்கவில்லை. தேடலின் தர்க்கத்தையே ஒப்பிடுகிறேன். கடலடியிலிருந்து ஒலிக்குறி எழுப்ப வேண்டிய கருவிகள் அதில் இருந்தன. விமானத்தின் நிலை கடைசியாக அறியப்பட்ட இடத்தைச் சுற்றிக் கப்பல்கள் செவி வைத்துக் கேட்டும் ஓசை வரவில்லை. ஆகவே அங்கே இல்லை என்று கொண்டு, அதன்பின் வேறு பரப்புகளைத் தேடியும் பயன் காணவில்லை. பின்னர் கணித வல்லுநர்கள் பேய்ஸின் முறையில் எல்லாச் சான்றுகளையும் மீண்டும் எடைபோட்டு, ஒலிக்கருவிகளே பழுதுபட்டிருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்தபோது, முன்பு விலக்கிய இடமே மறுபடி முதன்மை பெற்றது. 2011 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், புதிய தேடல் தொடங்கிய சுமார் ஒரு வாரத்துக்குள், கடைசியாக அறியப்பட்ட அந்த நிலைக்கு அருகிலேயே, ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன.

எங்கள் திருகாணியை மண் மூடியிருக்கலாம் என்பதற்கு அதிர்வே மற்றொரு காரணம் தருகிறது. காய்ந்த நுண்மண் அசையாதிருக்கும்போது திடப்பொருள். அதிரும்போது துகள்களுக்கிடையே பிடிப்புத் தளர்ந்து ஏறக்குறைய நீர்போல் ஆகிவிடுகிறது. படியில் அளக்கும்போது படியின் பக்கத்தைத் தட்டினால் தானியம் அமுங்கி மேலும் ஒரு பிடிக்கு இடம் விடுவதை நாம் அறிவோம். அவ்வாறு நெகிழும் மண்ணின்மேல், அதைவிடப் பன்மடங்கு கனமான சிறு பொன்துண்டு விழுந்தால், சேற்றில் விழுந்த கல்லைப்போல் அது உள்ளே புதையும். நான் ஓட்டிய ஓட்டமே அதைப் புதைத்துமிருக்கிறது.

இனி டோர் பேடைக் கழற்றுவதே வழி. பெரியவர் முதலில் பேட்டரியின் எதிர்முனை இணைப்பை எடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அது சோம்பல் அன்று. இக்காலத்து வண்டிகளில், மோதலின்போது ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் விரிந்துவிடும் காற்றுப்பைகள் உண்டு. சில வண்டிகளில் மோதலை உணரும் கருவி கதவுக்குள்ளேயே இருக்கிறது. மோதலில் பேட்டரி சிதைந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, அதை ஆளும் பெட்டிக்குள் மின்தேக்கிகள் சிறிது மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். இணைப்பைத் துண்டித்தவுடன் அது வற்றுவதற்குச் சில நிமிஷங்கள் ஆகும். இருக்கையின் அடியிலோ கதவிலோ மஞ்சள் உறையிட்ட கம்பியைக் கண்டால் அது காற்றுப்பைக்குரியது என்று அறிந்து, பழக்கமில்லாதவர்கள் கையை எடுத்துவிடுவதே உத்தமம்.

அதன்பின் கைப்பிடிக் குழியிலும் கைதாங்கியின் அடியிலும் மூடிகளுக்குள் மறைந்திருந்த திருகுகளைக் கழற்றினார். பேடைச் சுற்றிலும் பிடித்திருந்தவை நைலான் கிளிப்புகள். துளைக்குள் நுழையும் பக்கம் மெல்லிய சரிவாகவும், திரும்பி வரும் பக்கம் செங்குத்தான சரிவாகவும் அவற்றின் தலை அமைந்திருப்பதால், எளிதில் நுழைந்து அரிதில் வெளிவரும். இவற்றைக் கழற்றுவதில் பலர் செய்யும் தவறு, கிளிப்பினின்று எட்ட இருக்கும் விளிம்பைப் பிடித்து இழுப்பது. அப்போது பேட் வில்லாக வளைந்து, கிளிப் தங்கிய தானம் முறிகிறது. பெரியவர் தட்டையான பிளாஸ்டிக் நெம்பியைக் கிளிப்பின் அருகிலேயே நுழைத்து, ஒவ்வொன்றாக எழுப்பினார். நைலான் காற்றின் ஈரத்தைக் குடித்தே நெகிழ்ச்சி பெறுவது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் வெந்தால் நொய்ந்துவிடும். ஒன்பது கிளிப்புகளில் இரண்டு உடைந்தன. அவற்றுக்கு மாற்று அவரிடம் டப்பி நிறைய இருந்தது. பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் ஒரு பக்கமாக உரித்து மடித்து வைத்தார். அதைக் கிழித்துவிட்டு அலட்சியமாக மூடிவிட்டால் அடுத்த மழையில் கால்மிதி நனையும்.

உள்தகட்டின் திறப்பு வழியாகக் கையை விடுமுன், கதவின் அடியில், முன்துளைக்கு நேர் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரிக்கச் சொன்னார். பிறகு மண்ணைக் கிளறாமல், ஒரு கரண்டியால் முழுக் கட்டியாக அள்ளி ஓர் எவர்சில்வர்த் தட்டில் இட்டார். மண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி தட்டை வாங்கிக்கொண்டாள். நகைக் கடைத் தெருக்களில் மண்ணை அள்ளி நீரில் அரித்துப் பொன்துகள் பிரிப்பவர்களைச் சிறுவயதில் தான் கண்டிருப்பதாகச் சொல்லி, தட்டில் நீரை ஊற்றி மெல்லச் சுழற்றினாள். நீரில் மூழ்கிய பொருளின் எடையில் நீரின் தாங்குதல் கழிகிறது: மணலின் அடர்த்தி 2.6 என்பது நீருக்குள் 1.6 ஆகிவிடுகிறது, பொன்னின் 17-க்கு மேற்பட்ட அடர்த்தியிலும் ஒன்றுதான் கழிகிறது. ஆகவே வெளியில் ஆறேழு மடங்காக இருந்த வித்தியாசம் நீருக்குள் பத்து மடங்காகிறது. கலங்கிய நீர் சுழன்று மண்ணை விளிம்பு கடத்திக் கொண்டுபோக, மூன்றாவது முறை ஊற்றிச் சுழற்றியபோது தட்டின் நடுவில் திருகாணி அசையாமல் கிடந்தது.

அது எங்கள் கைக்கு வந்ததற்கு அந்த அடைப்பே காரணம். வடிதுளையின் அகலம் திருகாணியின் அகலத்தைவிடப் பெரிது; துளை தூய்மையாக இருந்திருந்தால் நெடுஞ்சாலையில் எங்கேயோ அது விழுந்திருக்கும். அதே அடைப்பு இன்னொரு மழைக்காலம் நீடித்திருந்தாலோ, தேங்கிய நீர் கதவின் மடிப்பைத் துருவாக்கித் தின்றிருக்கும். பெரியவர் மூன்று துளைகளையும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். தாளை ஒட்டுமுன் ஒரு குவளை நீரைக் கண்ணாடிச் சந்தில் ஊற்றிவிட்டு, தரையில் குனிந்து, முன்னும் நடுவிலும் பின்னும் நீர் சொட்டுகிறதா என்று பார்த்தார். முன்துளையில் முதலில் செம்மண் கலங்கலாகவும், பிறகு தெளிவாகவும் வந்தது. தெளிந்த பிறகே பேடை எடுத்து மாட்டினார்.